பொட்டு வைக்கும் இடம்

முகத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களில் பலர், பயப்பட வேண்டிய ஊசியை விட்டுவிட்டு வேறோர் ஊசிக்குப் பயப்படுகிறார்கள்.

போடாக்ஸ் என்ற பேச்சை எடுத்தால் போதும், “அது விஷமாமே?” என்ற கேள்வி வந்து நிற்கும். விஷம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒட்டிய கன்னத்தை நிரப்பவும், உதட்டைத் திரட்சியாக்கவும், மூக்கை எடுப்பாக்கவும் போடப்படும் ஃபில்லரைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. வெறும் ஜெல்தானே, உடம்பில் இருக்கிற சரக்குதானே என்று ஒரு தைரியம். மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கும் விபத்துகளைப் படித்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. விஷம் தப்பான இடத்துக்குப் போனால் இமை சரியும், புருவம் கோணும். கொஞ்ச காலத்தில் தானாகச் சரியாகிவிடும். ஜெல் தப்பான இடத்துக்குப் போனால் தோல் அழுகலாம், பார்வை பறிபோகலாம். அப்படிப் போன பார்வை திரும்பி வந்த கதைகள் மிகக் குறைவு.

பேச்சுத் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் எடுக்க நர்ஸ் முழங்கையைத் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு. கால் மரத்துப்போனால் டாக்டர் காரணம் சொல்வதும் நரம்பு. முக ஊசிகளின் கதையில் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். போடாக்ஸ் வேலை செய்வது அசல் நரம்பின் நுனியில், அது தசையைத் தொடும் இடத்தில். ஃபில்லரின் ஆபத்து இருப்பது ரத்தக்குழாயில். நரம்பு நுனி மறுபடி முளைக்கும். ரத்தம் கிடைக்காத விழித்திரை காத்திருக்காது.

முதலில் தசைகள். உடம்பின் மற்ற தசைகள் பெரும்பாலும் ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடிகின்றன. சுருங்கினால் மூட்டு மடங்கும். முகத் தசைகள் வேறு ரகம். ஒரு முனை எலும்பில் இருந்தாலும் மறுமுனை தோலின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நெற்றித் தசைக்கு எலும்புப் பிடிமானமே கிடையாது. இவை சுருங்கினால் தோல் நகரும். நகர்கிற தோலைத்தான் சிரிப்பு, சலிப்பு, சந்தேகம் என்று எதிரே இருப்பவர் படிக்கிறார்.

பாவாடை நாடாவை இழுத்தால் என்ன ஆகிறது? நாடா படுக்கையாக ஓடுகிறது. சுருக்கங்கள் அதற்குக் குறுக்கே, மேலும் கீழுமாக விழுகின்றன. முகத்திலும் இதே கணக்குத்தான். நெற்றியில் இருக்கும் ஃப்ரான்டாலிஸ் தசையின் இழைகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் நெற்றிக் கோடுகள் படுக்கையாக விழுகின்றன. புருவங்களை நடுவை நோக்கி இழுக்கும் காரகேட்டர் ஏறக்குறையப் படுக்கையாக ஓடுவதால், பொட்டு வைக்கும் இடத்தின் இரு பக்கமும் நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள். மூக்குத்தண்டிலிருந்து நெற்றிக்கு ஏறும் புரோசீரஸ், மூக்கு தொடங்கும் இடத்தில் ஒரு குறுக்குக் கோடு போடுகிறது. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் ஆர்பிகுலாரிஸ், கண்ணோரத்தில் விசிறி மடிப்பு வைக்கிறது. கோடுகளைப் பார்த்தே அடியில் எந்தத் தசைக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிடலாம். கைரேகையைவிட நம்பகமான ரேகை சாஸ்திரம்.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்போமே, அந்த முகத்தைச் செய்பவை காரகேட்டரும் புரோசீரஸும்தான். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் துஷென், மின்சாரத்தால் ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் படம் எடுத்து 1862இல் புத்தகமாகவே போட்டார். காரகேட்டருக்கு அவர் வைத்த பெயர் ‘வலியின் தசை’. அவருடைய படங்களில் சிலவற்றை வாங்கித்தான் டார்வின் 1872இல் உணர்ச்சிகளைப் பற்றிய தன் நூலில் சேர்த்தார். வாயைச் சிரிக்க வைப்பது சுலபம், மனமாரச் சிரிக்கும்போதுதான் கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்துகொள்கிறது என்று கண்டு சொன்னவரும் துஷென்தான். கண்ணோரச் சுருக்கத்தை அடியோடு அழிக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சுருக்கத்தோடு சிரிப்பில் பாதியும் போய்விடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். புருவத்தைக் கீழே இழுக்க நான்கு தசைகள் இருக்கின்றன. மேலே தூக்க ஃப்ரான்டாலிஸ் ஒன்றுதான். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் நான்கு பேர், மறுபக்கம் ஒற்றை ஆள். போடாக்ஸ் போடுவது என்பது இந்தப் போட்டியில் யாரை உட்கார வைப்பது, எவ்வளவு நேரத்துக்கு என்று தீர்மானிப்பதுதான்.

அந்த மருந்து பிறந்த இடம் சாப்பாட்டு மேசை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் தின்று பலர் செத்தார்கள். வாய் உலர்ந்து, இமை தொங்கி, மூச்சுத் தசைகள் ஓய்ந்து வந்த சாவு. யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கவிஞராகவும் பெயர் வாங்கியவர், 1822இல் 155 நோயாளிகளின் விவரங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அந்த நஞ்சைத் தானே ருசி பார்த்துக் குறிப்பெடுத்த ஆள். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காமல் துள்ளும் தசைகளை அடக்க இது மருந்தாகலாம் என்று அப்போதே எழுதி வைத்தார். 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டில் வாசித்துவிட்டு உப்புக்கண்டப் பன்றி இறைச்சி சாப்பிட்ட இசைக்குழுவினர் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் நஞ்சைச் சுரக்கும் கிருமியைப் பிரித்தெடுத்தார். லத்தீனில் போடுலஸ் என்றால் சாசேஜ். இன்று அழகுக் கிளினிக் பலகைகளில் மின்னும் பெயரின் பூர்வீகம் அதுதான்.

நஞ்சு செய்கிற காரியம் மிகவும் நுணுக்கமானது. மூளையின் கட்டளை நரம்பு வழியே வந்து தசைக்கு முன் நின்றுவிடும். அங்கிருந்து அதைத் தாண்டி எடுத்துப்போவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். அது நுண்ணிய பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பை நரம்பின் சுவரோடு ஒட்டி வாய் திறக்க, ஸ்னாப்-25 என்ற புரதம் வேண்டும். போடுலினம் நஞ்சு நரம்பு நுனிக்குள் புகுந்து இந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. தசை கெடுவதில்லை, நரம்பு சாவதில்லை, கடிதம் மட்டும் போய்ச் சேருவதில்லை. போட்ட இரண்டு மூன்று நாளில் பிடி தெரியும். இரண்டு வாரத்தில் முழுதாக இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு நுனி பழைய நிலைக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் மறுபடி வருவதும் அதனால்தான். தப்பு நடந்தால் தானாகத் தீர்வதும் அதனால்தான்.

இதை மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். அவருக்கு அழகைப் பற்றிய கவலை எதுவும் இல்லை. மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் நேராக்க முடியுமா என்று குரங்குகளில் சோதித்து 1973இல் எழுதினார். மனிதர்களில் கிடைத்த பலனை 1980இல் வெளியிட்டார். 1989இல் அமெரிக்க அரசின் அனுமதி, மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும். கனடாவின் வான்கூவரில் இமைத் துடிப்புக்காக இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்த கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் 1987இல் ஒரு நோயாளி குறைப்பட்டுக்கொண்டார்: இந்த முறை புருவ நடுவில் ஏன் போடவில்லை? அங்கே போட்டால் முகம் தெளிந்துவிடுகிறதே! ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். புருவ நடுக் கோட்டோடு பல வழிகளில் மல்லுக்கட்டித் தோற்றிருந்தவர். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதன் விளைவாகத் தங்கள் கிளினிக் வரவேற்பாளருக்கு முதல் ஊசியைப் போட்டார்கள். 1992இல் 18 பேரின் அனுபவத்தைக் கட்டுரையாக்கினார்கள். புருவ நடுக் கோடுகளுக்கான அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது.

குப்பிக்குள் இருப்பது தூள். இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறிது. நூறு அலகுக் குப்பியில் உப்புநீர் இரண்டரை மில்லி கலந்தால், 0.1 மில்லியில் 4 அலகு வரும். புருவ நடுவுக்கு ஐந்து புள்ளிகள், புள்ளிக்கு 4 வீதம் 20 அலகு என்பது பொது வழக்கு. மனிதரைக் கொல்ல எவ்வளவு வேண்டும் என்பதற்கு, குரங்குச் சோதனைகளிலிருந்து போட்ட கணக்கு ஏறக்குறைய 3,000 அலகு. ஒரு கம்பெனியின் அலகும் இன்னொரு கம்பெனியின் அலகும் ஒன்றல்ல என்பது இதில் ஒரு வம்பு. போடாக்ஸில் 20 போடும் அதே புருவ நடுவுக்கு டிஸ்போர்ட்டில் 50. பவுன் கணக்கையும் கிராம் கணக்கையும் குழப்பிக்கொண்டு நகை வாங்குவது போல ஆகிவிடும்.

ஐந்து புள்ளிகளும் ஒரே ஆழத்தில் போடுபவை என்று நினைக்கக் கூடாது. காரகேட்டர், மூக்குப் பக்கத்தில் எலும்பை ஒட்டி ஆழத்தில் தொடங்கி, வெளிப்பக்கம் போகப் போக மேலெழுந்து புருவத்துக்கு மேல் தோலில் முடிகிறது. எனவே உள்பக்கப் புள்ளிக்கு ஊசி ஆழமாக இறங்க வேண்டும்; வெளிப்பக்கப் புள்ளிக்குத் தோலை ஒட்டி நின்றால் போதும். அந்த வெளிப்பக்கப் புள்ளி கண்குழி எலும்பின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது. கீழே இறங்கினால் மருந்து கசிந்து கண்குழிக்குள் போய், மேலிமையைத் தூக்கும் தசையைத் தூங்க வைத்துவிடும். ஒரு கண் பாதி மூடியபடி சில வாரங்கள் நடமாட வேண்டியதுதான். அப்ராக்ளோனிடின் என்ற சொட்டு மருந்து, இமையில் உள்ள வேறொரு குட்டித் தசையை உசுப்பி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். அதற்குள் ஊசியின் பிடியும் தளர்ந்துவிடும்.

நெற்றியில் நடக்கும் தப்பு இன்னும் சுவாரசியமானது. நெற்றிக் கோடு பிடிக்கவில்லை என்று ஃப்ரான்டாலிஸை முழுதாக உட்கார வைத்தால், கயிற்றின் மறுமுனையில் ஆளே இல்லை. புருவம் இறங்கிக் கண்மேல் கவிழ்ந்துவிடும். வயதானவர்களில் பலருக்கு மேலிமைத் தோல் தளர்ந்திருக்கும். அவர்கள் தங்களை அறியாமலே நாள் முழுக்க நெற்றியைத் தூக்கித்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நெற்றிக் கோடுகள் அந்த உழைப்பின் தடம். கோட்டை அழித்தால் கண் சிறுத்துவிட்டதே என்று வந்து நிற்பார்கள். நல்ல கை உள்ளவர்கள் ஊசியை எடுக்கும் முன் புருவத்தை உயர்த்தச் சொல்லி, முறைக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். நெற்றியின் நடுவை மட்டும் அடக்கி ஓரங்களை விட்டுவிட்டால் புருவ வால் விண்ணென்று ஏறிக்கொள்ளும். ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஸ்பாக் பாத்திரத்தின் பெயரே இந்தக் கோளாறுக்கு நிலைத்துவிட்டது. ஓரத்தில் ஒன்றிரண்டு அலகு வைத்தால் தீரும்.

விஷத்தின் தப்பு தானாகத் தீரும் என்றேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குப்பியில் இருப்பது மருந்தாக இருக்க வேண்டும். 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆய்வகத்துக்காகத் தயாரித்த அடர்த்தியான நஞ்சை அழகு ஊசியாகப் போட்டதில் நான்கு பேர் உடம்பு முழுதும் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். போட்டவரும் அந்த நால்வரில் ஒருவர். 2024 ஏப்ரலில், போலி மருந்தாலும் தகுதியற்ற கைகளாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. மலிவு விலைக்கு ஆசைப்படுவதற்கு இது இடமில்லை.

இனி ஜெல்.

சுருக்கம் எல்லாமே தசையின் வேலை அல்ல. மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடு, கண்ணுக்குக் கீழே விழும் பள்ளம், தாடையோரம் தொங்கும் சதை, இவற்றை எந்தத் தசையைத் தூங்க வைத்தும் சரிசெய்ய முடியாது. வயதானால் தோல் தளர்ந்து தொங்குகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2007இல் டாலஸ் நகரில் ரோரிச், பெஸ்ஸா என்ற இருவர், இறந்தவர்களின் முகத்தில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். சாயம் முகமெங்கும் பரவவில்லை. எல்லை கட்டியது போல் அங்கங்கே நின்றது. முகக் கொழுப்பு ஒரே மெத்தையாக இல்லை, சாத்துக்குடிச் சுளைகள் போல் தனித்தனி அறைகளில் இருக்கிறது என்று தெரிந்தது. ஒவ்வோர் அறையும் தன் போக்கில் வற்றும், தன் போக்கில் சரியும். அதற்கும் கீழே எலும்பே தேய்கிறது. கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது, மூக்கின் எலும்புத் துவாரம் விரிகிறது. பந்தல் கால் உள்ளே இறங்கினால் மேலே துணி தொய்யத்தானே செய்யும்? துணியைக் குறைசொல்லிப் பயனில்லை. தோலை எலும்போடு கட்டியிருக்கும் தசைநார்கள் பந்தலை இழுத்துக் கட்டிய கயிறுகள். கட்டிய இடம் அசையாமல் நிற்க, சுற்றியுள்ளது சரிந்து வந்து அங்கே பள்ளமாகிறது.

இதனால் வேலையின் முறையே மாறியது. முன்பெல்லாம் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே நிரப்பினார்கள். இப்போது கன்ன எலும்பின் மேல், ஆழத்தில், ஒரு சிட்டிகை அளவு வைத்துப் பந்தல் காலை நிமிர்த்துகிறார்கள்; கீழே கோடு தானாக மெலிகிறது. பந்தல் காலை விட்டுவிட்டுத் துணிக்குள் பஞ்சை அடைத்தால் என்ன ஆகும் என்பதை, உலகப் புகழ்பெற்ற சில திரை முகங்களில் தலையணை போல ஊதிய கன்னங்களாக நாம் பார்த்தாயிற்று.

எதை நிரப்புவது என்பதற்குக் கண்ணீர்க் கதைகள் உண்டு. 1900ஐ ஒட்டி வியன்னாவில் தொடங்கிய பழக்கம், வாசலினும் பாரஃபின் மெழுகும். அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்த பேரழகி கிளாடிஸ் டீக்கன், மூக்குத்தண்டை நேராக்கப் பாரஃபின் ஏற்றிக்கொண்டார். காலப்போக்கில் மெழுகு தாடைக்கு இறங்கி முகத்தைக் கெடுத்தது. 1981இல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் வந்தது. ஒவ்வாமை வருமா என்று கையில் சோதித்துக் காத்திருந்து போட வேண்டும். 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹயலுரானிக் அமிலம்தான் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. நம் தோலிலும் மூட்டுகளிலும் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி இது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியே போட்டால் விரைவில் கரைந்துவிடும் என்பதால் சங்கிலிகளை ரசாயனத்தால் பின்னிப் பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். பின்னல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு இறுக்கம். இளநீர் வழுக்கை போல் இளகியது உதட்டுக்கு. நுங்கு போல் நிமிர்ந்து நிற்பது கன்ன எலும்புக்கு, தாடைக்கு. கண்ணுக்குக் கீழே மெல்லிய தோலில் மேலாக வைத்துவிட்டால் ஒளி சிதறி நீலம் பாரித்துத் தெரியும். டிண்டால் விளைவு என்று பள்ளியில் படித்தோமே, அதுவேதான் என்கிறார்கள்.

இந்தப் பொருளை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் முதன்முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து. கண்ணாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரும் கொடுத்தார்கள். கண்ணிலிருந்து வந்த அதே பொருள் பிற்காலத்தில் கண்ணைப் பறிக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

பறிப்பது எப்படி என்று பார்க்க, கடவாய்ப் பற்களை இறுக்கிக் கடியுங்கள். தாடை மூலையில் ஒரு தசை புடைக்கும். அதன் முன்னோரத்தில், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை லேசாக வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அது முகத் தமனி. அங்கே எலும்பைத் தாண்டி ஏறி, வளைந்து நெளிந்து வாயோரம் வந்து, உதடுகளுக்குக் கிளை பிரித்து, மூக்கின் ஓரமாக மேலேறிக் கண்ணின் உள்மூலைக்குப் போகிறது. அதே இடத்தில், கண்குழிக்குள்ளிருந்து வெளியே வரும் இன்னொரு தமனியின் கிளைகள் அதைச் சந்திக்கின்றன. அவற்றின் தாய் விழித்தமனி. மூளைக்குப் போகும் உள்கழுத்துத் தமனியின் கிளை. விழித்திரைக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய குழாயும் அதே தாயின் பிள்ளை. முகத்தின் ஆறும் மூளையின் ஆறும் பொட்டு வைக்கும் இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வாய்க்கால்களால் இணைந்திருக்கின்றன.

ஊசி முனை அந்த வாய்க்கால் ஒன்றுக்குள் இருப்பது தெரியாமல் அழுத்தினால், கையின் அழுத்தம் ரத்தத்தின் அழுத்தத்தை மிஞ்சிவிடும். ஜெல் எதிர்நீச்சல் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே, அதாவது விழித்தமனிக்கே போகும். கட்டைவிரலை எடுத்ததும் ரத்தம் வழக்கமான திசையில் பாய்ந்து ஜெல்லை விழித்திரைக் குழாய்க்குள் தள்ளிவிடும். நொடிகளில் கண் இருண்டுவிடும். நோயாளி அப்போது நாற்காலியிலேயே இருப்பார்.

இதற்கு எவ்வளவு ஜெல் வேண்டும்? பொட்டு வைக்கும் இடத்தின் பக்கமாக ஏறும் சுப்ராட்ராக்ளியர் தமனியை இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்தார்கள். புருவ நடுவிலிருந்து கண்குழியின் அடிவரை அந்தக் குழாய் கொள்வது சராசரி 0.085 மில்லி. இரண்டு சொட்டுக்கும் குறைவு. கடையில் வரும் ஃபில்லர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு மில்லி இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

2015இல் வெளியான ஒரு தொகுப்பு, அதுவரை உலகெங்கும் பதிவான 98 பார்வை இழப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. முதலிடம் புருவ நடு, அடுத்து மூக்கு. 2018 வரைக்குமான அடுத்த தொகுப்பில் இன்னும் 48; அதில் மூக்கு முந்திக்கொண்டது. கத்தியில்லாமல் ஊசியாலேயே மூக்கு நிமிர்த்தும் மோகம் அந்த ஆண்டுகளில் ஏறியிருந்தது. போடப்படும் கணக்கற்ற ஊசிகளோடு ஒப்பிட்டால் இது அரிது. ஆனால் அரிது என்ற சொல், அந்த ஒருவர் நீங்களாக இல்லாதவரைக்கும்தான் ஆறுதல்.

தமிழில் பொட்டு வைக்கும் இடம் ஒன்று, நெற்றிப்பொட்டு வேறொன்று. பொட்டில் அறைந்தாற்போல் என்பது இரண்டாவதைச் சொல்வது. அந்த நெற்றிப்பொட்டும் வயதானால் குழிவிழும், அதையும் நிரப்பக் கேட்கிறார்கள். அங்கேயும் ஒரு தமனி தோலுக்கு அருகிலேயே துடித்துக்கொண்டு ஓடுகிறது. மெலிந்தவர்களிடம் கண்ணால் பார்க்கலாம். இடைநடுவில் நிற்கக் கூடாது: ஒன்று ஊசியை எலும்பு தட்டும்வரை இறக்க வேண்டும், இல்லையேல் தோலுக்குச் சற்றே கீழாக மழுங்கிய குழலால் பரப்ப வேண்டும். மூக்கிலும் இப்படித்தான். குழாய்கள் மேலடுக்கில் ஓடுகின்றன. நடுக்கோட்டில், எலும்பையும் குருத்தெலும்பையும் ஒட்டிய ஆழத்தில் ஆபத்து குறைவு. நெற்றியில் குழாய்கள் கீழே ஆழத்தில் தொடங்கி மேலே போகப் போகத் தோலை நெருங்குகின்றன. உதட்டில் தமனி பெரும்பாலும் உட்புற ஈரச்சவ்வை ஒட்டி இருப்பதால் அங்கே மேலாக நிற்பதே நல்லது. ஒரே முகத்தில் ஒரு சாண் தூரத்துக்குள் ஆழத்தின் நியாயம் இத்தனை முறை மாறுகிறது.

கானுலா என்று சொல்லும் மழுங்கிய குழல், குழாயைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை. ஓரளவுக்கு உண்மை. மிக மெல்லிய கானுலா ஊசியைப் போலவே குழாய்க்குள் புகுந்துவிடும். அழுத்துவதற்கு முன் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு பழக்கம். வந்தால் நிச்சயம் ஆபத்து, வராவிட்டால் ஆபத்து இல்லை என்று ஆகாது. ஊசிக்குள் ஜெல் அடைத்திருப்பதால் ரத்தம் ஏறாமலே போகலாம். நம்பத்தகுந்தவை பழைய ஒழுக்கங்கள்தான்: மெதுவாக, கொஞ்சமாக, ஓரிடத்தில் 0.1 மில்லிக்கு மேல் வைக்காமல், கண்ணைத் தோலிலிருந்து எடுக்காமல். தோல் திடீரென வெளுத்தால் அந்தக் கணமே கையை எடுக்க வேண்டும். வலியை நம்பி உட்கார முடியாது. பல ஜெல்களில் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்தே வருகிறது. விரலால் அழுத்தி விட்டுப் பார்ப்பார்கள்: ஓரிரு நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாமல், பிறகு வலைப்பின்னல் போல் நீலத் திட்டுகள் படர்ந்தால் தோல் மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

ஹயலுரானிக் ஜெல்லுக்கு ஒரு முறிமருந்து இருப்பது பெரிய பாக்கியம். ஹயலுரோனிடேஸ் என்ற நொதி அதைக் கரைத்துவிடும். கனடாவின் டெலோரென்சி வகுத்த முறையில், ஒரு பகுதிக்கு 500 அலகு வீதம், நிறம் திரும்பும்வரை மணிக்கொரு முறை போடுகிறார்கள். தோலுக்கு இது பெரும்பாலும் பலிக்கிறது. கண்ணுக்கு அந்த அவகாசம் இல்லை. விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்ற பழைய கணக்கே தாராளம் என்று இப்போது சொல்கிறார்கள். அதனால்தான் விலை கேட்பதற்கு முன் அந்த நொதி கிளினிக்கில் இருக்கிறதா, இருந்தால் எத்தனை குப்பி என்று கேட்கச் சொல்வேன். கேள்வியைக் கேட்டதும் டாக்டர் அலமாரியைத் திறந்து காட்டினால் நல்ல இடம். இந்த ஜெல்லுக்குப் பதில் கொழுப்பையோ கரையாத ஃபில்லரையோ வைத்தால் இந்த முறிமருந்தும் உதவாது.

சில கிளினிக்குகளில் இப்போது ஊசிக்கு முன் ஸ்கேன் கருவியை முகத்தில் வைக்கிறார்கள். வயிற்று ஸ்கேனுக்கு வைப்பதைப் போன்றதுதான், அளவில் சிறியது. குளிர்ந்த ஜெல் தடவி மூக்கோரத்தில் வைத்தால், சாம்பல் நிறப் படலங்களுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகத் தமனி விட்டுவிட்டுத் துடிப்பது திரையில் தெரிகிறது. பாடப்புத்தகப் படத்தில் அது ஒரே பாதையில் ஓடும். நிஜ முகங்களில் சிலருக்கு மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டுக்கு உள்ளே, சிலருக்கு வெளியே. சிலருக்கு உதட்டோடு நின்றுவிடுகிறது, மேலே ஏறுவதே இல்லை. வலப்பக்கம் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு டாக்டர் கருவியைத் துடைத்து வைப்பதில்லை. அதே ஆளின் இடப்பக்கத்தில் அது வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம்.